பதினான்காவது நகர்த்தலில் கேட்ட டிரா

பழைய ரெக்சின் பையைத் துடைத்துவைக்க எடுத்தபோது உள்ளறையில் ஒரு ஸ்கோர் ஷீட் கிடைத்தது. துடியலூர் கல்யாண மண்டபத்தில் நடந்த மாவட்ட செஸ் அணித் தேர்வுப் போட்டி, கடைசிச் சுற்று, நீங்களும் நானும். பார்த்ததுமே எரிச்சல் வந்தது. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. எரிச்சல் மட்டும் போகவில்லை.

கருமத்தம்பட்டியில் நீங்கள் தறி மெக்கானிக், நான் மருந்துக்கடைக்காரன். மாவட்ட அணியில் ஒருமுறையாவது ஆடிவிட வேண்டும் என்று இருபது வருடம் சேர்ந்தே அலைந்தோம். அன்று டிரா செய்திருந்தால் இருவருக்குமே இடம் உறுதி. தோற்பவர் வெளியே.

வெள்ளைக் காய் உங்களுக்கு. இரண்டாம் நகர்த்தலிலேயே சிப்பாயைத் தூக்கிக் கொடுக்கும் அதே கிங்ஸ் கேம்பிட். அன்றாவது அதை விட்டிருக்கலாம். நான்காவதில் என் சிப்பாய் உங்கள் குதிரையை வெட்ட வந்து நின்றது. நீங்களோ குதிரையை அப்படியே விட்டுவிட்டுக் கோட்டை கட்டினீர்கள். பதினான்காவது நகர்த்தலை ஆடிவிட்டு, குதிரையை இழந்து நிற்கிறீர்களே என்று உங்கள் மேல் இரக்கப்பட்டு டிரா கேட்டேன்.

“இப்பத்தானுங்க ஆட்டமே சூடு புடிக்குது” என்று தலையை ஆட்டிவிட்டீர்கள்.

பத்தொன்பதாவதில் ராணியைத் தப்பான கட்டத்தில் வைத்தீர்கள். அதோடு முடிந்தது. சிரித்துக்கொண்டே கை கொடுத்தீர்கள்.

ஊர் திரும்பும்போது காந்திபுரத்தில் மாறி ஏறிய பஸ்ஸில் பாக்கெட் போர்டை விரித்து, “நீங்க டிரா கேட்டீங்கல்லங்க, அந்த எடத்துல...” என்று ஆரம்பித்தீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்து போர்டை மடித்துவிட்டீர்கள். மாநிலப் போட்டிக்கு நான் தனியாகத்தான் போனேன். நான் திரும்பி வந்த வாரமே, தறிக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழவில்லை. துக்கம் கேட்க வந்தபோதுகூட உங்கள் வீட்டம்மாவிடம், பிடிவாதத்தால் எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டார் என்று சொன்னேன்.

இன்று அந்த ஆட்டத்தைப் போனில் இருக்கும் செஸ் ஆப்பில் ஏற்றிப் பார்த்தேன். நான் டிரா கேட்ட இடத்தில் தோற்றுக்கொண்டிருந்தது நான்தானாம். யானையை ஒரு கட்டம் தள்ளியிருந்தால் உங்களுக்கு வெற்றி.

அதைப் பார்த்திருந்தால் ஏன் ஆடவில்லை? பார்க்கவில்லை என்றால் எந்தத் தைரியத்தில் டிராவை மறுத்தீர்கள்? பஸ்ஸில் எதைச் சொல்ல வந்தீர்கள்?

நாளை உங்கள் வீட்டுக்குப் போய், அன்று சொன்னது தப்பு என்று வீட்டம்மாவிடம் சொல்லியாக வேண்டும். அவருக்குச் செஸ் தெரியாது. சிப்பாய் எப்படி நகரும் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.