தகரத்துக்கு அடியில் கரடி

என்னைச் சண்டைக்காரன் என்று சொல்லிச் சொல்லியே சோறு ஊட்டிய என் சுமதி அக்காவுக்கு,

மே மாதம் பதினான்காம் தேதி, மதியம் இரண்டு மணி பத்து நிமிடம். கள்ளக்குறிச்சியில் உன் புருஷன் வீட்டு மொட்டை மாடி. தரை ஐம்பத்தெட்டு டிகிரி. தகரத்தின் அடிப்பக்கம் அறுபத்து மூன்று. ஏசியின் குளிர்ச்சியை அளக்க நான் பையில் வைத்திருக்கும் கருவி காட்டிய கணக்கு இது. நாய் ஒன்று, சங்கிலி ஒன்று, காய்ந்துபோன அலுமினியக் கிண்ணம் ஒன்று.

நாய் உன் கரடி. நான் முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை, அக்கா. உடம்பில் முடியே இல்லை.

நான் அங்கே போனது கரடியைப் பார்க்க இல்லை. மார்கழியில் நீ போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்க எனக்குப் பிடிக்கவில்லை. உன் புருஷன்தான் போன் போட்டார். "மச்சான், ஏசி ஓடிக்கினே கீது, கூலிங்தான் இல்ல. கேஸ் போயிட்ச்சா இன்னான்னு வந்து பாரு." இந்தக் கத்திரி வெயிலில் ஊரே என்னை இப்படித்தான் கூப்பிடுகிறது. போனேன். அறைக்குள் இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தேன், பழுது எதுவும் இல்லை. வெளியே வைத்திருக்கும் மெஷினைப் பார்க்க மாடிக்கு ஏறினேன்.

அங்கே என்ன வேலை நடந்துகொண்டிருந்தது தெரியுமா? அறையிலிருந்து பிடுங்கிய சூட்டை வெளியே ஊதித் தள்ளுவதுதான் அந்த மெஷினின் வேலை. அது ஊதும் பக்கத்தில், ஒரு கை தூரத்தில், ஒரு தகரத்தைச் சாய்த்துக் கட்டியிருந்தார்கள். நாய்க்கு நிழலாம். ஊதிய சூடு தகரத்தில் மோதி மறுபடியும் மெஷினுக்குள்ளேயே போனது. ஏசி குளிராததற்குக் காரணம் அதுதான். மெஷினுக்கும் தகரத்துக்கும் நடுவில், ஆண்டெனாக் கம்பியில் கட்டப்பட்டு, கரடி கிடந்தது. நீ படுத்திருந்த அறையின் சூடு முழுவதையும் உன் நாய்மேல் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அது ஏன் மாடிக்குப் போனது என்பதை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நான் சொல்கிறேன். நீ காய்ச்சலில் கிடந்தபோது கரடி ஊளையிட்டதாம். எமனைக் கூப்பிட்டதே அதுதானாம். உன் மாமியார் கருமாதி அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: அது வீட்டுக்குள் வரக்கூடாது. சரி, பிடிக்கவில்லை என்றால் என்னிடம் கொடுத்திருக்கலாமே? அதுவும் கூடாதாம். செத்தவர்களுடைய பொருள் எதுவும் வருஷப் படையல் முடியும்வரை வாசற்படி தாண்டக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். உள்ளேயும் கூடாது, வெளியேயும் கூடாது. மிச்சம் இருந்தது மொட்டை மாடி.

தை மாதத்தில் அது தண்டனை இல்லை. மாசியிலும் பொறுத்துக்கொள்ளலாம். சித்திரையில் அது அடுப்பு.

அது மலையில் பிறந்த நாய் என்று அவர்களுக்குத் தெரியாதா? நீ வெள்ளிமலைப் பக்கம் நர்ஸாக இருந்தபோது, பிரசவம் பார்த்த வீட்டில் அண்ணாமலை அண்ணன் உன் கையில் கொடுத்த குட்டி. கம்பளிப் போர்வை மாதிரி முடி. அதனால்தானே கரடி என்று பெயர் வைத்தாய்? கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது நீ கேட்ட ஒரே சீர் அந்த நாயை என்னோடு அனுப்புங்கள் என்பதுதான். மலை நாயை இந்தச் சமவெளிக்கு இறக்கிவிட்டு, பாதியில் கிளம்பிப் போனவள் நீ. உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. வருகிறேன் அதற்கும்.

நான் போய்ப் பார்த்தபோது கரடி நாக்கைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு இரைத்துக்கொண்டிருந்தது. ஈறு செங்கல் நிறம். வாயிலிருந்து கோந்து மாதிரி எச்சில். கூப்பிட்டேன், கண் என் பக்கம் திரும்பவில்லை. முதுகுத் தோல் தீய்ந்து உரிந்திருந்தது. சங்கிலியைத் தொட்டேன், கை சுட்டது. கம்பியிலிருந்து அவிழ்த்து, சங்கிலியோடு கரடியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

உன் புருஷன் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"முடிய யாரு எடுத்தது?"

"நான்தான் மச்சான், ஆள வச்சி மழிச்சேன். வெயிலுக்கு இன்னா பாடு படுதுன்னு பாவமா இருந்துச்சு. எங்களுக்கு அக்கற இல்லன்னு நெனக்காத."

அக்கறை! வெந்நீரை ஆறாமல் வைக்கும் அதே பிளாஸ்க்கில் ஐஸைப் போட்டு வைத்தாலும் உருகாமல் கிடக்கிறது. எப்படி? நடுவில் இருக்கும் தடுப்பு சூட்டை இந்தப் பக்கமும் விடாது, அந்தப் பக்கமும் விடாது. நாயின் முடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. சிக்கு எடுத்து வாரிவிடலாம், தோல் தெரிய மழிக்கக் கூடாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தள்ள வேண்டும். சுற்றிலும் அனல் காற்று இருந்தால் எதை இழுத்து எதைத் தள்ளும்? இதை அவரிடமும் சொன்னேன். கையில் சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தத் தட்டைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. கையில் நாய் இருந்ததால் அவர் தப்பித்தார்.

வாசலில் தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கரடியைக் கிடத்தினேன். குழாயைத் திறக்கவில்லை, மாடித் தொட்டியிலிருந்து வருவது கொதிக்கிற தண்ணீர். நிழலில் கிடந்த அடித்தொட்டியிலிருந்து மொண்டு வயிறு, அக்குள், தொடை இடுக்கு, பாதம் என்று ஊற்றினேன்.

அதற்குள் எதிர்வீட்டு டெய்லர் கட்டையோடு வந்துவிட்டார். "யோவ், கிட்ட போவாத! எச்சி வுடுது பாரு. வெறி புடிச்சிக்கினு கீது. தள்ளு, ஒரே போடு!"

"வெறி இல்ல. வெயிலு. அடுப்புல வச்சா நீங்களுந்தான் எச்சி வுடுவீங்க."

"உனக்கு இன்னா தெரியும்? நீ ஏசி மெக்கானிக்குதானே?"

"வருசா வருசம் எங்கக்கா ஊசி போட்டுச்சு. கட்டய கீழ போடுங்க. இல்லன்னா மொதல்ல என்ன அடிங்க."

பின்னால் நின்ற கும்பலில் ஒருவன் சிரித்தான். "இப்ப நாய்க்கும் சர்வீஸ் பண்றாருடா!"

"உனக்கும் பண்றேன். போயி ஒரு மணி நேரம் அந்தத் தகரத்துக்கு அடியில குந்திட்டு வா."

யாரும் போகவில்லை. டெய்லரும் கட்டையைக் கீழே போடவில்லை, ஆனால் ஓங்கவும் இல்லை. வெயிலில் இரைத்து எச்சில் விடும் எத்தனை நாய்களை இந்த ஊர் வெறிநாய் என்று அடித்துக் கொன்றிருக்கும், அக்கா? கேட்க ஆள் இல்லாத நாய்கள்.

உன் மாமியார் ஈரச் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். இன்னொரு கையில் ஐஸ் தட்டு. "போத்து தம்பி, போத்து. உள்சூடு எறங்கும்."

"போத்தாதீங்க அத்த. காத்து போவாம மூடுனா இட்லிப் பானதான். ஐஸும் வாணாம்."

அவர் முகம் சுருங்கிப் போனது. எனக்கு இரக்கம் வரவில்லை. ஏசி கழுவிய பிறகு காயவைக்க ஊதும் புளோயர் என் பையில் இருந்தது. அதைச் சூடில்லாமல் ஓடவிட்டு, ஒரு கையால் தண்ணீர், ஒரு கையால் காற்று. ஈரத்தின் மேல் காற்று ஓடினால்தான் சூடு வெளியேறும். நான் தினமும் சோறு தின்பதே இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான். தண்ணீரை வாய்க்குள் ஊற்றவில்லை. மயக்கத்தில் இருக்கும் உயிருக்கு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். கொஞ்ச நேரத்தில் கண் என் பக்கம் திரும்பியது. அப்படியே ஆட்டோவில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் உடம்புச் சூட்டை அளந்து பார்த்துவிட்டு, "வர்றதுக்கு முன்னாடி தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "இல்லன்னா இங்க வந்துருக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊசியைக் குத்தி குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினார். சாயங்காலம் வரை கரடி எழுந்திருக்கவில்லை. நான் காலருகில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறு ஏழு வீட்டில் ஏசி வேலை இருந்தது. ஏழு பேரும் திட்டினார்கள். திட்டட்டும்.

இருட்டுவதற்கு முன்னால் கரடி எழுந்து நின்றது. சரியாக அந்த நேரத்தில் உன் புருஷனும் மாமியாரும் வந்தார்கள். பார்க்க வந்தார்கள் என்று ஒரு நிமிடம் ஏமாந்தேன். கூட்டிப்போக வந்திருந்தார்கள்.

"வருசம் திரும்பல மச்சான். படையல் முடியட்டும், நானே கொண்டாந்து வுடறேன். அம்மா பயப்படுது."

"மறுபடியும் எங்க கட்டுவீங்க?"

"மாடியிலதான். வேற எங்க? தண்ணி ஜாஸ்தியா வைக்கறோம்."

நான் ஒரே கேள்விதான் கேட்டேன், அக்கா. "எங்கக்கா ஸ்கூட்டி எங்க மாமா?"

உன் ஸ்கூட்டி சின்னசேலத்தில் அவர் தங்கை வீட்டு வாசலில் நிற்கிறது. கருமாதி முடிந்த மறுவாரமே போய்விட்டது. நானே பார்த்தேன். அதற்கு வாசற்படி இல்லை, வருஷம் இல்லை, படையல் இல்லை.

உன் மாமியார்தான் பதில் சொன்னார். "அது வண்டி தம்பி. இது உசுரு. அவ உசுரு வச்சிருந்த உசுரு. அத எப்பிடி அனுப்புவோம்?"

"உசுருன்னு இப்பதான் தெரிஞ்சிதா அத்த?"

ஆஸ்பத்திரி வராண்டாவில் மாடு கட்டியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் புடவை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுதார் என்று நினைக்கிறேன். உனக்காகவா, கரடிக்காகவா, நாலு பேர் முன்னால் பட்ட அவமானத்துக்காகவா? எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. "நாய் வராது" என்று சொல்லிச் சங்கிலியை மட்டும் அவர் கையில் கொடுத்தேன். உன் புருஷன் என்னை அடிக்க வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏசிய இன்னா பண்றது?" என்று கேட்டார்.

இவரைத்தான் "நல்லவர்டா, வாயே திறக்கமாட்டார்" என்று சொன்னாய். வாயைத் திறக்காதவர் எப்படி நல்லவர் ஆவார்? அவர் அம்மா மாடிக்கு அனுப்பு என்றபோது வாயைத் திறந்திருக்கலாமே? நீ இருந்தபோது கரடியைக் கட்டிலுக்கடியில், ஈரத் தரையில், மின்விசிறிக்குக் கீழே படுக்கவைப்பாய். வெயில் இறங்கும்வரை நடக்கக் கூட்டிப்போகமாட்டாய். தார்ச்சாலையில் உன் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அதன் காலை வைக்கவிடுவாய். இதை எல்லாம் அந்த வீட்டில் ஒருவருக்காவது சொல்லிக்கொடுத்தாயா? எல்லாவற்றையும் நீயே செய்தாய். செய்துவிட்டுப் போய்விட்டாய். ஒரு மெஷினை ஒரே ஆள் மட்டும் ஓட்டத் தெரிந்து வைத்திருந்தால், அந்த ஆள் வராத நாளில் என்ன ஆகும் என்று நீ யோசிக்கவே இல்லையா?

இப்போது கரடி என் அறையில் கிடக்கிறது. என் அறையும் கூரையில் ஷீட் போட்ட அறைதான். ஊரெல்லாம் ஏசி மாட்டுகிறவன் ஷீட்டுக்கு அடியில்தான் படுக்கிறான். மேலே தென்னங்கீற்று பரப்பித் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறேன், ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்திருக்கிறேன். அப்படியும் மதியத்தில் இது நாய் இருக்கும் இடம் இல்லை. அண்ணாமலை அண்ணனுக்குப் போன் போட்டேன். நீ போன செய்தியே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எப்படி, எப்போது என்று கேட்டார். பிறகு சொன்னார்: "கூட்டினு வா தம்பி. இங்கயும் வெயிலுதான். ஆனா மரம் கீது, ஓட கீது. எங்கூட்ல நாய கட்டறதே இல்ல."

நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். இது சத்தியம் என்று வைத்துக்கொள்.

1. நாளைக்கு விடிவதற்குள் கிளம்பி, கச்சிராயபாளையம் வழியாகக் கரடியை மலைக்கு ஏற்றுவேன். வண்டியில் தண்ணீர் இருக்கும். டீ குடிக்க நிறுத்தினாலும் கண்ணாடியை ஏற்றி அதை உள்ளே பூட்டிவிட்டுப் போகமாட்டேன்.

2. திரும்பி வந்ததும் அந்தத் தகரத்தைக் கழற்றுவேன். உன் புருஷனுக்கு அதன் பிறகு ஜில்லென்று காற்று வரும். அந்தச் சுகத்தை அவருக்குக் கொடுப்பது எனக்கு எரிச்சல்தான். ஆனால் விட்டுவைத்தால் அதன் கீழே இன்னொரு உயிரைக் கட்டிவிடுவார்கள்.

3. டெய்லரிடம் போய், வெறிக்கும் வெயிலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்வேன். சந்தேகம் இருந்தால் கையால் தொடாமல் டாக்டரைக் கூப்பிடு, கட்டையைத் தேடாதே என்று சொல்வேன். மரியாதையாகச் சொல்ல முயற்சி செய்வேன். முடியும் என்று தோன்றவில்லை.

4. வருஷப் படையலுக்குக் கரடியோடு வருவேன், வாசற்படி வழியாகவே. யாராவது முகம் சுளித்தால், உன் படத்துக்கு முன்னாலேயே சண்டை.

5. ஞாயிறுதோறும் மலைக்குப் போவேன். யார் காலடி கேட்டாலும் கரடி தலையைத் தூக்கிப் பார்க்கிறது. நான் என்று தெரிந்ததும் மறுபடியும் தலையைக் கீழே போட்டுக்கொள்கிறது. என்னைப் பார்த்து அது வாலை ஆட்டும் ஞாயிறு வரும்வரை போய்க்கொண்டே இருப்பேன். அன்றைக்கு வேண்டுமானால் உன்னோடு மறுபடியும் பேச்சு வைத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்கிறேன்.

இப்போதைக்கு உன்னோடு பேச்சு விட்டிருக்கும்
உன் கூடப்பிறந்த தம்பி
பிரபு