பதினோரு படங்கள்

ஹூஸ்டன்
3-2-1997

அன்புள்ள கயல் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் என் குரல் கேட்டதும் "அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாதே என்றுதான் பேனாவை எடுத்தேன். எட்டாம் வகுப்பு எழுத்து. பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

ஹில்கிராஃப்ட் கடையில் என்னை அரிசிப் பக்கத்திலிருந்து பருப்புப் பக்கம் மாற்றிவிட்டார்கள். உன் அம்மா அதைப் பிரமோஷன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

உன் ஸ்கூல் போட்டோக்களோடு ஒரு நெகடிவ் கவரையும் தெரியாமல் அனுப்பிவிட்டாளாம். ஹைஜம்ப்பில் நீ மெத்தைக்கு வெளியே விழுந்தாயே, அன்றைய ரோல். இரண்டு வருஷமாகச் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். பார்த்திருப்பாய்.

கண்ணு, அந்தக் கேமராவில் பட்டனை அமுக்கினதும் உள்ளே ஒரு கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். எடுக்கிறவனுக்கு அந்த நேரம் இருட்டு. படத்தில் விழுகிற நொடியை அவன் மட்டும் பார்ப்பதில்லை. நீ விழுந்ததை நான் பார்க்கவே இல்லை, சாமி.

அன்று அடிபட்ட உன் முழங்காலுக்கு 21-ஆம் தேதி ஆபரேஷன் என்று அம்மா சொன்னாள். நான் வரட்டுமா?

அன்புள்ள அப்பா,
சேனாபதி


சான் ஹோசே
10-2-1997

அப்பாவுக்கு,

பருப்புப் பக்கம் போனதற்கு வாழ்த்துகள்.

நெகடிவை விளக்கில் பிடித்து எண்ணினேன். காற்றில் இருப்பது இரண்டு. விழுவது ஒன்று. காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடப்பது எட்டு. உங்கள் கேமரா நொடிக்கு மூன்று படம் எடுக்கும் என்று கடைக்கு வரும் அங்கிள், ஆன்டி எல்லாரிடமும் பெருமை பேசுவீர்களே! கணக்குப் போட்டுப் பாருங்கள்.

உங்களுக்குப் பின்னால் நின்ற சாந்தி ஆன்டி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்து, கடைசிப் படத்தில் என் தோளைப் பிடித்திருக்கிறார். நீங்கள் பத்தடியில் நின்றீர்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் நடுவில் அந்தக் கண்ணாடி கீழே வரும் இல்லையா? பத்துத் தடவை. அப்போது என்ன தெரிந்தது?

கயல்


ஹூஸ்டன்
15-2-1997

கண்ணு,

பார்த்தேன். நீ வாயைத் திறந்து கத்தியதும் தெரிந்தது. விரலை எடுக்கவில்லை. "இது நல்லாத் தெளிவா விழுந்திருக்கும்" என்று நினைத்தேன். உன் அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

அதற்குப் பிறகு கேமராவைத் தொடவே இல்லை என்று எழுத ஆசைதான். ஆனால் வேலுமணி மகள் கல்யாணத்தில் எடுத்தேன். படத்தில் அட்சதை அத்தனையும் அந்தரத்தில் அப்படியே நிற்கும். எல்லாரும் புகழ்ந்தார்கள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. உன் அப்பன் இவ்வளவுதான்.

கிரேஹவுண்ட் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துவிட்டேன். 20-ஆம் தேதி சாயங்காலம் அங்கே வந்துவிடுவேன். கேமரா அம்மாவிடம். உனக்குப் பிடிக்காவிட்டால் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

அப்பா


சான் ஹோசே
20-2-1997

அப்பா,

இந்தச் சீட்டைக் கொண்டு வருகிறவள் என் ரூம்மேட் யாமினி. அவள் காரில் வந்துவிடுங்கள். இட்லி வாங்கி வைத்திருக்கிறேன், ரப்பர் மாதிரி இருக்கிறது.

எனக்குக் கோபம் போகவில்லை. இனிமேல் போகுமா என்றும் தெரியவில்லை.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே எழுந்து நடக்கச் சொல்வார்களாம். அப்போது பக்கத்தில் நில்லுங்கள். பத்தடி தள்ளி வேண்டாம்.

கயல்