உங்கள் பெயரில் கோப்பை, உங்கள் மகனுக்கு ஓய்வு

எங்கே இருந்தாலும் ஸ்கோர் கேட்டுக்கொண்டிருக்கும் என் பிரியமுள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் தங்கைக்கு முட்டிவலி தேவலை. என்மேல் இருந்த கோபமும் தேவலை. அந்தக் கோபம் ஏன் வந்தது என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். கடையில் மூன்று மோட்டார் காயில் கட்டக் காத்துக் கிடக்கிறது, கிடக்கட்டும்.

முதலில் முக்கியமான செய்தி. இந்திய அணியை அறிவித்துவிட்டார்கள். நம் ஆள் இல்லை. சில வாரங்கள் ஆகிறது. அன்றே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். அதற்குள் நானே ஒரு தப்பைப் பண்ணிவிட்டேன், எழுத வெட்கமாக இருந்தது.

நம் ஆளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைப் பிறரும் படிப்பார்களே. அவன் இடதுகைச் சுழல்பந்துக்காரன். ஒவ்வொரு தொடருக்கும் பதினைந்து பேரில் அவன் பெயர் இருக்கும், பதினொரு பேரில் இருக்காது. சட்டைக்கு மேல் இன்னொரு சட்டையை மாட்டிக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். இந்த முறை அந்த வேலையும் போய்விட்டது. அறிக்கையில் என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? ஓய்வு அளிக்கப்பட்டுள்ளதாம்.

நீங்கள் இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கே இரண்டு நாள் சோறு இறங்கியிருக்காது. முன்பு ஒரு தடவை இதே மாதிரி செய்தபோது கீரனூரிலிருந்து போன் போட்டீர்கள். திருச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே பேசினீர்கள். பின்னால் கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்று கத்திக்கொண்டிருந்தார். "மாப்ள, ஆடவே விடாதவனுக்கு எதுக்கு ஓய்வு? பாட்டில் தூக்கிக் கை வலிக்குதாமா? புடிக்கலைன்னா புடிக்கலைன்னு அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க." நீங்கள் போட்ட சத்தத்தில் பாதி பஸ் திரும்பிப் பார்த்திருக்கும்.

நான் உங்கள் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து நமக்கு இதுதானே பேச்சு. அணி அறிவிப்பதற்கு முதல் நாள் நீங்கள் உங்கள் பதினைந்து பேரை எழுதுவீர்கள், நான் என் பதினைந்து பேரை எழுதுவேன். இரண்டு சீட்டும் உங்கள் தங்கையிடம் போகும். அவள் அதைக் கடுகு டப்பாவில் போட்டு மூடிவைப்பாள். அறிவிப்பு வந்ததும் எடுத்துப் பார்த்தால் என் சீட்டில் பத்துப் பன்னிரண்டு பெயர் ஒத்துப்போயிருக்கும், உங்களுடையதில் ஆறோ ஏழோ. அதற்கும் நீங்கள்தான் மீசையை முறுக்குவீர்கள். "அவனுங்க லிஸ்ட்டோட ஒத்துப்போறதுக்கு நாம எதுக்கு மாப்ள எழுதணும்?"

கோபம் வந்தால் தொடரைப் பார்க்கவே மாட்டேன் என்று சபதம் போடுவீர்கள். பிறகு தங்கச்சியைப் பார்க்க வந்தேன் என்று இலுப்பூருக்கு வந்து, டி.வி.க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, "யாரு போடுறா? எத்தனை போச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். உங்களைப் போல ஒரு மனிதனை நான் இனி எங்கே போய்ப் பார்ப்பேன்?

சரி, தப்புக்கு வருகிறேன்.

நீங்கள் போய் வருடம் திரும்பியதும் உங்கள் ஊர்ப் பையன்கள் உங்கள் பெயரில் ஒரு சுழற்கோப்பை வைத்தார்கள். தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள்தான் ஆட்டம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் அணிகள் வந்தன. நோட்டீஸில் உங்கள் படம், அந்த நீலச் சட்டை போட்டது. வீட்டு மாப்பிள்ளைக்கு முதல் மரியாதை என்று எனக்கு மாலை போட்டு, டாஸ் போடச் சொல்லி, கடைசியில் மைக்கைப் பிடித்து, "நம்ம அணிக்குத் தேர்வாளர் நம்ம மாமாதான்" என்றும் சொல்லிவிட்டார்கள். அது மாலை மாதிரி ஒரு மரியாதைதான். வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடம் டி.வி.யைப் பார்த்துத் திட்டியவனுக்கு ஒரு பேனாவும் பேப்பரும் கிடைத்தால் விடுவானா?

உங்கள் மகன் சரவணன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தான். ஏ.சி. வேலையில் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குகிறவன். மூன்று வருடமாக மட்டையைத் தொட்டதே இல்லை என்று அவனே சொன்னான். ஆனால் உங்கள் பெயரில் நடக்கிற கோப்பையில் உங்கள் மகன் இல்லாமல் எப்படிப் பெயர் எழுதுவது? முதல் பெயராக அவனைத்தான் எழுதினேன். அவனுக்காக ரபீக்கை வெளியே உட்கார வைத்தேன். விடிகாலையில் மீமிசல் போய் மீன் ஏற்றி வந்து, இறக்கிவிட்டு, அந்த வாடையோடு வந்து ஓபனிங் ஆடுவானே, உங்கள் ஊரில் பெண் எடுத்த அந்த ரபீக். "இந்த வாரம் மட்டும் பொறுத்துக்கப்பா" என்றேன். "அதனால என்ன மாமா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு போனான்.

முதல் ஞாயிறு இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் சரவணன் இரண்டாவது பந்தில் அவுட். அடுத்ததில் பத்துப் பதினைந்து பந்தைச் சாப்பிட்டுவிட்டு நாலு ரன். நேராகக் கைக்கு வந்த கேட்ச் ஒன்றையும் விட்டான். மற்றவர்கள் எப்படியோ இழுத்துப் பிடித்து இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபைனல்.

வாரம் பூராவும் எனக்கு அதே யோசனை. ரபீக்கை எடுத்தே ஆக வேண்டும். அப்படியென்றால் சரவணன் வெளியே போக வேண்டும். அதை அவனிடம் யார் சொல்வது? தகப்பனை இழந்த பிள்ளை. ஆசையாகக் கடல் தாண்டி வந்திருக்கிறான். அவனைப் பார்த்து நீ வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை மதியம் கடையில் உட்கார்ந்து வாட்ஸ்அப் குரூப்பில் அணியைப் போட்டேன். கீழே ஒரு வரி சேர்த்தேன். என் கையாலேயே எழுதினேன் மச்சான், சிரிக்காமல் கேளுங்கள்:

"சரவணனுக்குத் தொடைத் தசையில் லேசான பிடிப்பு இருப்பதால் இறுதிப் போட்டியில் ஓய்வு அளிக்கப்படுகிறது."

அனுப்பிய பிறகுதான் அதைத் திருப்பிப் படித்தேன். உடம்பெல்லாம் கூசியது.

அதோடு முடியவில்லை. யாரோ உங்கள் தங்கைக்குப் போன் போட்டு மருமகனுக்குக் காலில் அடியாமே என்று கேட்டிருக்கிறார்கள். அவள் பதறிப்போய் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வலித்தைலம் ஒரு பாட்டில், ஒத்தடம் கொடுக்க ஒரு உப்பு மூட்டை எல்லாம் கட்டி, கீரனூர் பஸ்ஸில் தெரிந்தவர் மூலம் கொடுத்தனுப்பிவிட்டாள். சாயங்காலம் சரவணன் அவளுக்குப் போன் செய்திருக்கிறான். "அத்தை, தைலம் வந்துச்சு. எந்தக் கால்ல தேய்க்கணும்னு மாமாகிட்ட கேட்டுச் சொல்லுங்க."

உங்கள் தங்கையைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குள் கால் வைத்தவுடன் ஆரம்பித்தாள்.

"எங்கண்ணன் பேருல கப்பு. எங்கண்ணன் மகன் கரையில ஒக்காந்து வேடிக்கை பாக்கணுமா?"

"ஆட்டம் வரலையே, நான் என்ன செய்ய?"

"வரலைன்னா வரலைன்னு சொல்றதுதான? நல்லாருக்க புள்ளைக்கு எதுக்குங்க கால் வலிய வரவைக்கிறீங்க? எங்கண்ணன் இருந்திருந்தா ஒங்கள இன்னைக்கு என்ன கேட்டிருக்கும்?"

நீங்கள் என்ன கேட்டிருப்பீர்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் காலையிலேயே பைக்கை எடுத்துக்கொண்டு கீரனூருக்குப் போனேன். உங்கள் வீட்டு அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்கள். சரவணன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உங்கள் பழைய டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தான். நான் மோட்டார்க்காரன் அல்லவா, அதைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசினேன். கண்டென்சர் போயிருக்கும் என்றேன். மாற்றிவிட்டேன் என்றான்.

"சரவணா, ஒனக்குத் தொடையில ஒண்ணுமில்லேன்னு எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும் மாமா" என்றான், தலையைத் தூக்காமல்.

"நீ இப்ப ஆடுற நெலமையில இல்லப்பா. பந்து வந்ததுக்கப்பறம்தான் மட்டையத் தூக்குற. கேட்சுக்குக் கை லேட்டாப் போகுது. ரபீக் ஆடுனா நமக்கு நல்லது. மொத வாரம் ஒன்னய எடுத்ததே தப்பு. நீ மச்சான் மகன்னுதான் எடுத்தேன். இத நேத்தே ஒங்கிட்ட வந்து சொல்லியிருக்கணும்."

அவன் ஸ்குரூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு மூடியில் போட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் "சரி மாமா" என்றான். அவ்வளவுதான். திரும்பி வரும்போது வழியெல்லாம் அந்தச் 'சரி'யைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். கோபமா, வருத்தமா, ஒன்றும் பிடிபடவில்லை. உங்கள் வீட்டோடு எனக்கு இருக்கிற உறவே இத்தோடு போய்விட்டதோ என்று பயந்தேன். நீங்கள் இல்லாத வீட்டில் எனக்கு அவன்தானே மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனலுக்கு உங்கள் தங்கையும் வந்தாள். என்னை விட்டுத் தள்ளிப் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ரபீக் ஓபனிங் இறங்கினான். முதல் பந்தை விட்டான். இரண்டாவது பந்தில் குச்சி பறந்தது.

கண்மாய்க்கரை முழுக்க என்னைத்தான் திட்டியது மச்சான். "யாருய்யா செலக்டரு?" என்று ஒருவன் கேட்க, "மாலை போட்டுக்கிட்டு நின்னாருல்ல, அவருதான்" என்று இன்னொருவன் சொல்ல, நான் எங்கிட்டுப் பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தேன். அப்போது பக்கத்தில் யாரோ குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிற சத்தம். சரவணன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா, ரபீக்குக்கு எந்தக் கால்ல வலின்னு போடப் போறீங்க?" என்றான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தூரத்திலிருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு உங்கள் தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நாலு ரன்னில் தோற்றோம். உங்கள் பெயர் போட்ட கோப்பை இந்த வருடம் விராலிமலைப் பக்கம் போயிருக்கிறது. அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்த ஊர்ப் பையன்கள் நல்லா ஆடினார்கள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு நானும் சரவணனும் ஸ்டம்ப்புகளைப் பிடுங்கிக் கட்டிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அவன் பேசினான்.

"மாமா, நேத்து நீங்க வந்து எனக்கு ஆட்டம் வரலைன்னு சொன்னீங்கள்ல. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

"கோவமா இருந்திருக்கும்."

"இல்ல மாமா. அப்பா போனதுலேர்ந்து எல்லாரும் எங்கிட்ட பாத்துப் பாத்துத்தான் பேசுறாங்க. நான் என்ன செஞ்சாலும் சரிங்கிறாங்க. அம்மாகூட ஒரு வார்த்தை திட்டுறதில்ல. மூணு வருசம் கழிச்சு மட்டையத் தொட்டு டக் அவுட் ஆனேன், ஊரே சூப்பர்னு கை தட்டுது. நீ செய்யுறது சரியில்லடான்னு சொல்றதுக்கு ஒரு ஆளு இல்லையேன்னு இருந்துச்சு."

பாவம் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பிள்ளையைத் தனியாக விட்டிருக்கிறோம். உங்களிடம் ஒரு நாளைக்கு நாலு திட்டு வாங்கி வளர்ந்தவன் அவன். அதை யோசிக்காமல் போனோமே என்று அழுகை வந்தது. அழுதேன். அவனும் அழுதான். பிறகு இரண்டு பேரும் ஸ்டம்ப்புக் கட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அக்கா கையால் மீன் குழம்பு சாப்பிட்டோம். மீன் ரபீக் கொடுத்தது. பணம் வாங்க மாட்டேன் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

நேற்று சரவணன் மஸ்கட்டுக்குக் கிளம்பினான். திருச்சி ஏர்போர்ட்டில் உள்ளே போகும்வரை இந்தியத் தேர்வாளர்களைத் திட்டிக்கொண்டே போனான். நம் ஆளை எடுக்காதது அவனுக்கும் பொறுக்கவில்லை. உங்கள் மகன்தான், சந்தேகமே இல்லை. உள்ளே போகிற நேரத்தில், "அடுத்த வருசம் பத்து நாள் முன்னாடியே வாரேன் மாமா, ப்ராக்டீஸ் பண்ணணும்" என்றான்.

மச்சான், உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அடுத்த வருடம் அவன் நன்றாக ஆடினால் முதல் பெயர் அவனுடையது. ஆடவில்லை என்றால் உட்கார வைப்பேன். வீட்டுக்கே போய், எதிரில் உட்கார்ந்து, ஏன் என்று சொல்லிவிட்டு உட்கார வைப்பேன். மற்ற காரியங்களிலும் அப்படித்தான். அப்பன் இல்லாத பிள்ளை என்று அவனுக்கு ஒரு பந்துகூடச் சும்மா தரமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டியவன், இனி உங்கள் மகனைத் திட்ட வேண்டியவன்,
மாப்பிள்ளை செல்வராசு
இலுப்பூர்