சைக்கிள் மிதித்துக் கேட்ட பாட்டுகள்

நேற்று மகளின் கைத்தொலைபேசியில் அந்தப் பாட்டு தொடங்கியது. முதல் தாளம் விழுந்ததுமே மேசைக்கடியில் என் கால்கள் மிதிக்கத் தொடங்கிவிட்டன. மகள் சிரித்தாள். உன்னைப் பற்றி அவளுக்கு நான் எதுவும் சொன்னதில்லையடி.

எங்கள் ஊர் வேலணையில் சண்டையால் மின்சாரம் நின்றுபோன அந்த வருஷம் கடைகளில் பற்றரியும் இல்லை. ஆனாலும் ஜேர்மனியில் இருந்த உன் அண்ணை அனுப்பிய, அங்கத்தைய பாட்டுக்குழு ஒன்றின் கசெற் எப்படியோ வந்து சேர்ந்தது. எல்லாமே மெஷின் இசை. அதுதான் அந்தக் குழுவின் கடைசித் தொகுப்பு, இனிச் சேர்ந்து வாசிக்கமாட்டார்கள் என்று அண்ணை எழுதியிருந்தார். உங்கள் வீட்டுக் குசினிக்குப் பின்னால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோ வயரை ரேப் ரெக்கோடரில் கொளுவுவோம். மிதிப்பது எப்போதும் நான்தான். மகாராணி நீ கதிரையில் சாய்ந்திருந்து படம் சொல்வாய்.

அந்தப் பாட்டுகளுக்கு எடுத்த வீடியோக்களைக் கொழும்பில் மாமா வீட்டில் பார்த்ததாகச் சொன்னாய். ஒன்றில் கதிரைகள் தாமாகவே மாடிப்படி ஏறும். இன்னொன்றில் ஒரு பெண் தலையில் ஜன்னலைச் சுமந்தபடி கடலுக்குள் நடப்பாள். என் கால் ஓய்ந்தால் பாட்டும் இழுபடும், பாடுகிறவனின் குரல் தடித்துப்போகும். அதற்கும் உன்னிடம் ஒரு காட்சி இருந்தது.

"நிப்பாட்டாதையடி, இப்பதான் அவளுக்குக் கழுத்தளவு தண்ணி."

நிறுத்தினால் அவள் தாண்டு மூழ்கிப்போவாள் என்று பயந்து மிதிப்பேன்.

பிறகு எல்லோரும் இடம்பெயர்ந்தோம். நான் முதலில் கொழும்புக்குப் போனேன், நீ பின்னால் வருவதாகச் சொன்னாய். கிளாலிக் கடலேரியில் நீ ஏறிய படகு கரை சேரவில்லை. அந்தச் செய்தி வந்து சேரவே மாதக்கணக்காயிற்று.

நேற்று அந்த வீடியோக்கள் முழுவதையும் தேடிப் பார்த்தேன். களிமண் முகங்கள் உருகி வேறு முகங்களாகின்றன, ஒரு தெரு முழுக்கப் பின்னோக்கி நடக்கிறது. நல்லாய்த்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் கதிரைகள் இல்லை, கடல் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை. நீ ஒன்றையுமே பார்க்கவில்லை, கள்ளி. கால் நோக மிதித்தவள் நானல்லவா என்று முதலில் கோபம் வந்தது. நான் சைக்கிளால் இறங்கிப் போய்விடாமல் இருக்கத்தான் அதெல்லாம் சொன்னாயா, இல்லை உன் கண்ணுக்கே அதெல்லாம் தெரிந்ததா? கேட்க நீ இல்லை. இவ்வளவு தனியாக நான் ஒருபோதும் இருந்ததில்லை.

மகள் எழுந்து போனபிறகு படத்தைப் பாராமல் பாட்டை மட்டும் கேட்டேன். சரியான வேகத்தில் ஓடியது. எனக்குத்தான் அது சரியான அவசரமாய்க் கேட்டது. தண்ணீர் ஜன்னலைச் சுமந்தவளின் முழங்காலுக்கு வருமுன்பே பாட்டு முடிந்துவிட்டது.

அவள் அக்கரை போய்ச் சேர்ந்தாளா என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. அப்படியொருத்தி நடந்து போனாள் என்று தெரிந்தவள் இந்த உலகத்தில் இப்போது நான் ஒருத்திதான்.