முப்பத்தெட்டு விநாடி

மார்ச் 4, செவ்வாய்

பாதுகாப்பு வகுப்பு. இருபது பேர், அதில் பாதிப் பேர் தூக்கம். அட்டைப்பெட்டி செய்யும் இயந்திரத்தின் உருளையைச் சுத்தம் செய்வதற்கு முன் செய்ய வேண்டியவை: மெயின் சுவிட்சை இறக்கு, அதில் உன் பூட்டைப் போடு, சாவியைச் சட்டைப்பையில் வை, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி இயந்திரம் உண்மையிலேயே அடங்கிவிட்டதா என்று பார். பிறகுதான் கை. பதினோரு வருஷமாக இதையே சொல்கிறேன், எனக்கே கொட்டாவி வருகிறது. இதைக் கணினி விளையாட்டாக மாற்றிவிட்டால்? மேலாளர் தலையாட்டிவிட்டார்.

மார்ச் 20, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில்கூட வரிசையில் நிற்கிறார்கள்! சீக்கிரம் முடித்தால் கூடுதல் மதிப்பெண். முதல் பத்துப் பேர் சுவர்ப்பலகையில். மூன்றாம் லைன் பெண் முப்பத்தெட்டே விநாடியில் முடித்துவிட்டாள். 'புயல்' என்று பட்டம் கொடுத்தேன்.

"வீட்டுல என்னை ஆமைன்னுதான் கூப்பிடுவாங்க அண்ணே," என்று சிரித்தாள்.

மார்ச் 27, வியாழன்

புயலின் ரகசியம் தெரிந்துவிட்டது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பார்ப்பதே இல்லை. அதை விட்டால் ஐந்து மதிப்பெண் போகும். மிச்சமாகும் நேரத்துக்குப் பத்து வரும். கெட்டிக்காரி.

"சுவிட்சை இறக்கினா மெஷின் நின்னுடுதே அண்ணே. ஒரு தடவைகூட ஓடலையே?"

விளையாட்டில் அப்படித்தான். நான்தான் அப்படி வைத்தேன். திருத்த வேண்டும். அடுத்த மாதம் பார்க்கலாம்.

ஏப்ரல் 9, புதன்

புயலின் வலது கை. மூன்று விரல்கள் போய்விட்டன.

ஏப்ரல் 10, வியாழன்

எலெக்ட்ரீஷியன் சுவிட்சைக் கழற்றிக் காட்டினார். "கைப்பிடி கீழ இறங்கியிருக்கு சார், உள்ள கரண்ட் கட்டாகல. ஸ்டார்ட்டை ஒரு தடவை அழுத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும்." அவள் துடைக்கும் துணியோடு கையை விட்டதும், அட்டை வந்துவிட்டது என்று சென்சார் எடுத்துக்கொண்டு உருளையைச் சுற்றிவிட்டது.

பூட்டு போட்டிருந்தாள். சாவி அவள் பையில்தான் இருந்தது. பொத்தானை அழுத்திப் பார்க்க நாலு விநாடி ஆகும். அந்த நாலு விநாடியை அவளிடமிருந்து பிடுங்கியது யாரு? நான்தானே. தெரிஞ்சும் விட்டேனே. என்ன மனுஷன்டா நீ?

ஏப்ரல் 15, செவ்வாய்

விசாரணை அறிக்கை வந்தது. 'பயிற்சியில் முதலிடம் பெற்றவர். விதி தெரிந்தே மீறியுள்ளார். கவனக்குறைவு.' கீழே என் கையெழுத்துக்கு இடம். போட்டால் அவள் வேலை போய்விடும். மேலாளரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க எதுக்குக் குறுக்க வர்றீங்க? அவ ஸ்கோரே அவளுக்கு எதிரா பேசுது," என்றார் மேலாளர்.

நான் கொடுத்த ஸ்கோர்.

வீட்டில் சொன்னேன். "உங்க வேலைக்கு ஆபத்து வந்தா?" என்றாள் மனைவி. பாத்திரத்தைத் துடைத்து அடுக்கினாள். பிறகு, "அந்தப் பொண்ணு இப்ப எந்தக் கையால சாப்பிடுது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 16, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, "ஃபர்ஸ்ட் வந்தும் இப்படிப் பண்ணிட்டேனே அண்ணே," என்று அழுதாள்.

"இல்லம்மா. அந்த விளையாட்டுதான் உனக்கு அப்படிக் கத்துக்கொடுத்துச்சு. எனக்கு முன்னாடியே தெரியும். திருத்தாம விட்டுட்டேன்."

அழுகை நின்றது. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 17, வியாழன்

கையெழுத்துப் போடவில்லை. இந்த நோட்டின் மார்ச் 27 பக்கத்தைப் படியெடுத்து அறிக்கையோடு இணைத்துக் கொடுத்துவிட்டேன்.

மே 5, திங்கள்

'கவனக்குறைவு' நீக்கப்பட்டது. அவள் வேலை தப்பியது. என்னைப் பயிற்சியிலிருந்து எடுத்துக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். நியாயம்தான். வலிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

செப்டம்பர் 8, திங்கள்

கிடங்கு ஆட்களுக்கும் இனிப் பயிற்சி கட்டாயமாம். போனேன். அதே அறை. முதல் பத்துப் பேரின் சுவர்ப்பலகை இல்லை; ஆணி அடித்த ஓட்டைகள் மட்டும் இருந்தன. திரையில் கடிகாரமும் இல்லை. சொல்லிக்கொடுப்பது அவள்தான், விளையாட்டைத் திருத்தச் சொன்னதும் அவள்தானாம். மௌஸை இடது கைப் பக்கம் வைத்திருந்தாள். யாரும் அவளைப் புயல் என்று கூப்பிடவில்லை.

"மெதுவா பண்ணுங்க அண்ணே. இங்க யாரும் நேரம் பாக்கல."

சுவிட்சை இறக்கினேன். பூட்டு. சாவி. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் உருளை உறுமிக்கொண்டு சுற்றியது. நாற்காலியோடு பின்னால் போய்விட்டேன், கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"இந்தச் சத்தம் எனக்குக் கையை வச்ச பிறகுதான் கேட்டுச்சு அண்ணே," என்றாள்.

மறுபடியும் முதலிலிருந்து செய்யச் சொன்னாள். செய்தேன்.