உங்களைத் தூக்கிய நாலு பேர்

பெரியப்பா,

இன்று அலமாரியைத் துடைத்தபோது உங்கள் பொடி டப்பி கையில் அகப்பட்டது. திறந்ததும் தும்மல் வந்தது. தும்மி முடித்த கையோடு கோபமும் வந்தது.

அக்காவுக்கு ஆசிரியைப் பயிற்சியில் இடம் கிடைத்த அன்று, இதே டப்பியை விரலால் தட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னீர்கள். "நானா வேணாங்கறேன்? பொண்ணு ஆஸ்டல்ல தங்குனா நாலு பேரு இன்னா பேசுவாங்க?" அண்ணன் நீங்கள் சொன்ன பிறகு அப்பாவுக்குப் பேச்சு கிடையாது. அந்த நாலு பேர் யார் என்று நான்தான் கேட்டேன். "செத்தா தூக்க வர்ற நாலு பேருதான்" என்று சிரித்தீர்கள். அக்கா இப்போது மாமல்லபுரத்தில், புகுந்த வீட்டில், உப்புக் காற்றில் களிம்பேறும் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

கோவளத்துக் கடலில் பயமில்லாமல் கால் நனைக்க என் கையைப் பிடித்துக்கொண்டவரும் நீங்கள்தான். அதற்காக இதை மன்னிக்க மாட்டேன்.

போன மாதம் நீங்கள் போனீர்கள். உங்களைத் தூக்கிய நாலு பேரையும் வாசலில் நின்று பார்த்து வைத்துக்கொண்டேன். காரியத்தன்று அவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது, ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டேன்: "அக்கா படிக்கப் போயிருந்தா நீங்க ஏதாச்சும் பேசியிருப்பீங்களா?"

"ஊரான் வூட்டுக் கதை எனக்கு இன்னாத்துக்கும்மா?" என்றார் ஒருவர். "நம்ம தெருப் பசங்களுக்கு ஒரு டீச்சராவது கெடச்சிருக்கும்" என்றார் அடுத்தவர். மூன்றாமவர் அப்பளம் கேட்டார். நாலாமவர், மரக்கடைக்காரர், இலையிலிருந்து நிமிராமலே சொன்னார்:

"எம் பொண்ணையுந்தாம்மா நிறுத்துனேன். உங்க பெரியப்பா இன்னா சொல்லுவாரோன்னு."

உங்களுக்கு அவர் நாலு பேர். அவருக்கு நீங்கள் நாலு பேர். ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்துகொண்டு, இரண்டு பெண்களை உட்கார வைத்துவிட்டு, அதற்கு ஊர் என்று பெயர் வைத்தீர்கள். ஊருக்கு ஏது வாய், பெரியப்பா? பொடி மணக்கும் உங்கள் வாய்தான் இருந்தது.

இந்த வருஷம் எனக்குப் பள்ளி முடிகிறது. நேற்று அப்பா உங்கள் குரலிலேயே, "நாலு பேரு..." என்று ஆரம்பித்தார்.

"கேட்டுட்டேம்பா. யாரும் பேச மாட்டாங்களாம். பேசுனது பெரியப்பா ஒருத்தர்தான்."

அப்பா பரண் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "அக்காவுக்கு ஆஸ்டலுக்குன்னு வாங்குன டிரங்குப் பெட்டி கீதே, அது போதுமா?" என்று கேட்டார்.

டப்பியிலிருந்த பொடியைக் கொட்டிவிட்டேன். பேனா நிப்புகளைப் போட்டு எடுத்துப் போகிறேன். நீங்கள் போனதில் அந்த நாலு பேரில் ஓர் இடம் காலி. அதில் நான் நிற்கப்போகிறேன். எந்த வீட்டில் ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தினாலும் பேசுவேன், உங்கள் பெயரைச் சொல்லியே.