ஷரீஸ் தாண்ட வேண்டிய துடைப்பம்

லாஸ் ஏஞ்சலஸ்
5 பிப்ரவரி 1995

பனியில் விறைத்துக் கிடக்கும் என் கிளெண்டாவுக்கு,

லுவெல்லா எழுதுவது. நான் நலம், முழங்கால் நலமில்லை, மற்றதைக் கடவுள் பார்த்துக்கொள்கிறார். அந்த ஐடஹோவில் உன் மூக்கு இன்னும் முகத்திலேயேதான் இருக்கிறதா? ராய் போலீஸ் வேலையை முடித்துவிட்டு மீன் பிடிக்கப் போனது சரி. உன்னை எதற்குத் தூக்கிக்கொண்டு போனார்? பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்று பீன்ஸ் கிண்டியவளுக்கு இப்போது மான்தான் பேச்சுத் துணையாம். மான் உன்னைவிட நன்றாகப் பாடும், அந்த மட்டுக்கு லாபம்.

சேதி இதுதான். ஷரீசுக்குக் கல்யாணம், நவம்பர் பதினெட்டு. பையன் பெயர் மார்லன், பஸ் ஓட்டுகிறான். தங்கமான பையன், காது மட்டும் பெரிசு. "அம்மா, காதைப் பாத்தியா?" என்றாள். "பெரிய காதுன்னா நீ சொல்றது கேக்கும்டி, எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டேன்.

உனக்கு ஒரு வேலை இருக்கிறது. எங்கள் ஜோடிகள் கல்யாணம் முடிந்து துடைப்பத்தைத் தாண்டுவதை என் அக்கா மகள் கல்யாணத்தில் பார்த்து நீ மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாயே. அடிமையாய் இருந்த எங்கள் முன்னோருக்குச் சட்டமும் கல்யாணம் செய்து வைக்கவில்லை, சர்ச்சும் செய்து வைக்கவில்லை. நாலு பேர் பார்க்கத் துடைப்பத்தைத் தாண்டினால் புருஷன் பெண்டாட்டி, அவ்வளவுதான். நாம் இரண்டு பேரும் தினம் சண்டை போட்ட சமையற்கட்டுத் துடைப்பம் உன்னிடம்தானே இருக்கிறது? பள்ளிக்கூடத்துச் சொத்தைத் திருடி ஒரு போலீஸ்காரர் வீட்டிலேயே ஒளித்து வைத்த கெட்டிக்காரி நீ. கேக்குக்குப் பூ வைக்கிற அந்தக் கையால் அதற்கு ரிப்பன் சுற்றி, நீயே கொண்டு வர வேண்டும். ஷரீஸ் சின்னப் பெண்ணாய் இருந்தபோதே உன்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள், மறக்காதே.

சமையற்கட்டை விட்டு வந்து நான் போட்ட சலூனில் இன்னும் நாற்காலி இரண்டுதான். எங்கள் பாடகர் வென்டல் குரோவின் கொலை வழக்கு டிவியில் ஆரம்பித்ததிலிருந்து முடி காய்ந்தவள்கூட எழுந்து போக மாட்டேன் என்கிறாள். "அவர் பாட்டுக்குத்தான் என் கல்யாணத்துல ஆடினேன், அவரு பொண்டாட்டியக் கொன்னிருக்கவே மாட்டாரு" என்று திருமதி பெட்டிஸ் சொல்கிறாள். "உன் புருஷனும்தான் அதே பாட்டுக்கு ஆடினான். அவன் உன்னைக் கொல்லாம விட்டதுதான் ஆச்சரியம்" என்றேன். ஒரு வாரமாக என் கடைக்கு வரவில்லை.

உன்,
லுவெல்லா

---

ஐடஹோ
26 பிப்ரவரி 1995

அன்புள்ள லு,

உன் கடிதத்தை அடுப்பு மேடை பக்கத்தில் நின்றபடியே படித்துத் தனியாகச் சிரித்தேன். ராய் எட்டிப் பார்த்துவிட்டு, "லுவெல்லாவா?" என்றார். இந்த வீட்டில் என்னைச் சிரிக்க வைக்க வேறு யார் இருக்கிறார்கள்?

துடைப்பம் பத்திரமாக இருக்கிறது. வெள்ளை ரிப்பனும் வெளிர் ஊதா ரிப்பனும் வாங்கிவிட்டேன். ஷரீசின் பின்னலைப் போலவே பின்னிச் சுற்றப் போகிறேன், கீழிருந்து மேலே, ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு விரல்கடை. அவசரப்பட்டால் என் கை சொன்னபடி கேட்காது, உனக்குத் தெரியுமே.

இங்கே பக்கத்து வீட்டுக்காரர்களும் ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள்தான், பெரும்பாலும் உங்கள் ஊரிலிருந்து வந்தவர்கள். சாயந்திரம் எல்லாரும் எங்கள் வீட்டு டிவி முன்னால் கூடிவிடுகிறார்கள். எனக்கு அந்த ஜில்லின் படம்தான் கண்ணிலேயே நிற்கிறது. வென்டல் குரோவின் மனைவி என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், அவளுக்குப் பெயர் இல்லாத மாதிரி.

ஒரு சின்னக் குறை: கடைசிக் கடிதத்துக்கு நீ இரண்டு மாதம் எடுத்துக்கொண்டாய்.

அன்புடன்,
கிளெண்டா

---

லாஸ் ஏஞ்சலஸ்
18 ஜூன் 1995

குறை சொல்லும் கிளெண்டாவுக்கு,

இந்தத் தடவை நாலு மாதம். இரண்டு மாதத்துக்கே முணுமுணுத்தால் இப்படித்தான்.

ஷரீசின் கவுனைத் தைத்துப் போட்டுப் பார்த்தோம், இடுப்பில் இறுக்குகிறது. மார்லனின் அம்மா சனிக்கிழமைதோறும் பீச் பழ கேக் செய்து கொடுத்து அனுப்புகிறாள். சம்பந்தியம்மாவா எதிரியா என்று இன்னும் புரியவில்லை.

கடிகாரச் சேதியை நீயும் பார்த்திருப்பாய். ஜில்லின் ரத்தக்கறை படிந்த கைக்கடிகாரத்தை வென்டலின் காரில் கண்டெடுத்ததாக அந்தப் போலீஸ் டிடெக்டிவ் கோர்ட்டில் பைபிள் மேல் கை வைத்துச் சொன்னான். அவர்களே காலையில் எடுத்த போட்டோவில் சீட் காலியாக இருக்கிறது. மத்தியானம் எடுத்த போட்டோவில் கடிகாரம் உட்கார்ந்திருக்கிறது. தானாக நடந்து வந்து ஏறியதா? கடையில் ஹேர் டிரையரை அணைத்துவிட்டுப் பார்த்தோம். பிறகு திருமதி பெட்டிஸ் (ஆமாம், திரும்பி வந்துவிட்டாள், வேறு யாரும் அந்த முடியைத் தொட மாட்டார்கள்) மெதுவாகச் சொன்னாள்: "எங்க அண்ணன் காருலயும் இப்படித்தான் ஒண்ணு நடந்து வந்து ஏறிச்சு. ஏழு வருஷம் உள்ள இருந்தான்."

அன்றைக்கு அவளிடம் காசு வாங்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, ரிப்பன் எதுவரை வந்திருக்கிறது?

உன்,
லு

---

ஐடஹோ
9 ஜூலை 1995

அன்புள்ள லு,

ரிப்பன் துடைப்பத்தின் நார்க்கட்டைத் தாண்டி, பிடியில் ஏறத் தொடங்கிவிட்டது. தப்பினால் அவிழ்த்து மறுபடி பின்னுகிறேன், அதனால்தான் மெதுவாகப் போகிறது.

கடிகாரச் சேதியை ராய் நண்பர்களோடு உட்கார்ந்துதான் பார்த்தார். நண்பர்கள் போன பிறகு, "ஒருத்தன் அவசரக்குடுக்கை. அதுக்காக மத்த சாட்சியெல்லாம் பொய்யாயிடுமா?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, லு. ஜில்லின் ரத்தம் வென்டலின் செருப்பிலும் இருந்ததே.

இதை நாம் கடிதத்தில் பேச வேண்டாம். நேரில் வரும்போது பேசுவோம், இல்லாவிட்டால் பேசாமலே ஆடுவோம்.

கிளெண்டா

---

ஐடஹோ
4 அக்டோபர் 1995

லு,

நேற்று இரவுச் செய்தியில், உங்கள் ஊரில் தீர்ப்பைக் கேட்டவர்கள் என்று உன் கடையைக் காட்டினார்கள். வென்டலை ஜூரி "குற்றவாளி இல்லை" என்றதும் எல்லாரும் கத்தினார்கள். நடுவில் நீ சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குதித்தாய். அடுத்து ஜில்லின் அம்மாவைக் காட்டினார்கள். பிறகு மறுபடி உன்னை.

வீடு நிறைய ஆட்கள். ஒருத்தர், "பாருங்க இந்த ஜனங்களை" என்றார். அது என் தோழி என்று நான் சொல்லவில்லை. ராயும் சொல்லவில்லை. எல்லாரும் போன பிறகு, உன்னை மறுபடி காட்டுவார்களா என்று ராய் டிவியை அணைக்காமலே உட்கார்ந்திருந்தார். காட்டினார்கள்.

ஒரு பெண் கழுத்தறுபட்டுச் செத்திருக்கிறாள். நீ குதித்தாய். என் பக்கத்தில் அத்தனை வருஷம் நின்றவள் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

கிளெண்டா

---

லாஸ் ஏஞ்சலஸ்
11 அக்டோபர் 1995

கிளெண்டாவுக்கு,

எழுதி எழுதிக் கிழித்தேன். இதையாவது அனுப்புகிறேன்.

குதித்தேன். டிவி பொய் சொல்லவில்லை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவ்வளவு உயரம் போனேன் என்று என் டாக்டரே நம்ப மாட்டார்.

வென்டல்தான் கொன்றான் என்று நினைக்கிறேன். இதைக் கடையில் சொன்னால் முடி சுருட்டுகிற கம்பியாலேயே என்னைப் பொசுக்கிவிடுவார்கள், அதனால் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அவன்தான் கொன்றான். கடிகாரத்தை வைத்தது போலீஸ். இரண்டும் ஒரே வழக்கில் நடந்திருக்கிறது.

டெரல் ஞாபகம் இருக்கிறதா? என் மகன்தான், நீ இடுப்பில் தூக்கிச் சுமந்தவன். சர்ச் பாடகர் குழுவுக்குப் போகும் வழியில் போலீஸ் அவன் காரை நிறுத்தி, வெள்ளைச் சட்டையோடு தார் ரோட்டில் குப்புறப் படுக்கப் போட்டார்கள். தேடியது வேறு யாரையோ. உனக்குப் போன் செய்தேன், ராய் ஓடினார், ஸ்டேஷனிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கு இன்றுவரை நன்றி. ஆனால் என் சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே அவர் சொன்னது உனக்குத் தெரியாது. "அவங்க வேலையைத்தான் செஞ்சாங்க, லு." டெரலின் கன்னத்தில் தார் ஒட்டியிருந்தது. அதை எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? ராய் நல்லவர், நீ என் தோழி, காபி ஆறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஆட்டின அந்தத் தலைதான், கிளெண்டா, போன வாரம் காலில் இறங்கிக் குதித்தது.

வென்டலுக்காகக் குதிக்கவில்லை. ஒரு போலீஸ்காரன் நெஞ்சு நிமிர்ந்து பொய் சொன்னான், ஜூரியில் பன்னிரண்டு பேர் அவனை நம்பவில்லை என்று சொன்னார்கள். என் வாழ்நாளில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. பார்த்ததும் கால் என்னைக் கேட்காமல் போய்விட்டது.

பிறகு ஜில்லின் அம்மா முகத்தைக் காட்டினார்கள். உட்கார்ந்துவிட்டேன். வாடிக்கைக்காரி தலையில் சோப்பு நுரையோடு, "லுவெல்லா, தண்ணி ஊத்துடி" என்று கத்துகிறாள். உட்கார்ந்ததை யாரும் படம் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். ஊரே வீடியோவில் பார்க்க ஒரு கறுப்பு மனுஷனை அடித்த அந்த நாலு போலீஸ்காரர்களை மூன்று வருஷத்துக்கு முன்னால் கோர்ட்டில் விடுதலை செய்தார்களே, தெருவெல்லாம் எரிந்ததே, அன்றைக்கு நீ எனக்குப் போன் செய்தாய். "கதவைப் பூட்டிக்கோ லு, வெளிய போகாதே" என்றாய். அன்பாகத்தான் சொன்னாய். ஏன் அழுகிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. ராயின் நண்பர்கள் அன்றைக்கு எங்காவது கைதட்டியிருப்பார்கள். நீ யார் என்று எனக்குத் தெரியவில்லை என்று நான் உனக்கு எழுதவில்லை.

கோபமாக எழுத வரவில்லை எனக்கு, பழக்கமில்லை. கல்யாணத்துக்கு வா. ராயையும் கூட்டிக்கொண்டு வா. பின் வரிசையில் உட்கார வைக்க மாட்டோம். பஸ்ஸில் எங்களை அப்படித்தான் உட்கார வைத்தார்கள், எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

துடைப்பத்தைக் கொண்டு வா.

லுவெல்லா

---

லாஸ் ஏஞ்சலஸ்
21 நவம்பர் 1995

கிளெண்டாவுக்கு,

கல்யாணத்தன்றைக்கு வாசலில் ஒவ்வொரு கார் நிற்கும்போதும் நீயா என்று எட்டிப் பார்த்தேன். என் சம்பந்தியம்மா, "என்ன லுவெல்லா, வேற மாப்பிள்ளை யாரையாவது எதிர்பாக்கறியா?" என்று கேட்டுவிட்டாள்.

பார்சல் வியாழக்கிழமையே வந்துவிட்டது. ஒரு வரி எழுதி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பிரித்ததும் ஷரீஸ், "அம்மா, இது பாதிதான் இருக்கு" என்றாள். கீழே பின்னல் அவ்வளவு அழகு, ஒரு முடிச்சுகூடத் தெரியவில்லை. பிடியில் பாதிவரை ஏறி, ஓர் ஊசி குத்தி நின்றுவிட்டது. அதற்கு மேலே நம் சமையற்கட்டு மரம், உன் கையும் என் கையும் தேய்த்த மரம். எந்த ஞாயிற்றுக்கிழமை நிறுத்தினாய் என்று எனக்குத் தெரியும்.

மார்லனின் அக்கா தங்க நிற ரிப்பன் எடுத்துக்கொண்டு வந்தாள், மீதியைச் சுற்றிவிடலாம் என்று. "கையை வெச்சே, அந்தக் கையை மறுபடி பாக்க மாட்டே" என்றேன். பாதி மொட்டையாகவே சர்ச்சில் போட்டோம். பின்னாலிருந்து ஒரு கிழவர், "ரிப்பனுக்குக் காசு பத்தலையா, லுவெல்லா?" என்றார். "மீதி ஐடஹோவுல இருக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஷரீஸ் கவுனைத் தூக்கிக்கொண்டு தாண்டினாள், இடுப்பில் ஒரு தையல் விட்டது, என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

பாட்டுப் போடுகிற பையன் வென்டல் குரோ ரெக்கார்டை எடுத்தான், எல்லாக் கல்யாணத்திலும் போடுவதுதானே என்று. "இங்க வேணாம்" என்றேன். திருமதி பெட்டிஸ் என்னை முறைத்தாள். முறைக்கட்டும்.

இப்போது நான் சொல்லவந்தது. நேற்று அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டினேன். காகிதம் விழுந்தது, உன் வீட்டு நாய் முடி விழுந்தது. மீதி ரிப்பன் விழவில்லை. நம் சிநேகம் இதோடு போதும் என்று நினைத்தவள் அதையும் சேர்த்து அனுப்பியிருப்பாள். உன் கஞ்சத்தனம் எனக்குத் தெரியும், அதனாலும் வைத்துக்கொண்டிருக்கலாம். எதுவென்று நான் கேட்கப் போவதில்லை.

துடைப்பத்தைச் சலூன் சுவரில் மாட்டியிருக்கிறேன், மொட்டைப் பாதி கதவைப் பார்த்த மாதிரி. யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அதற்குக் கீழே உள்ள நாற்காலியில் தாராளமாக உட்காரலாம்.

பதில் எழுத வேண்டாம். ரிப்பனை எடுத்துக்கொண்டு வா.

லு